கோத்தகிரி குளத்தில் சிவப்புக் காது ஆமை: பிடிக்க வழி வேண்டும்

கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளத்தில், வாஸ்துவுக்கு வாங்கி வளர்த்த ஆமையை யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, கழுத்தில் மஞ்சள் கோடுகள். ரெட் இயர்டு ஸ்லைடர்தான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். ஓடு சாப்பாட்டுத் தட்டு அளவு.

போன கோடையில் முதலில் கண்ணில் பட்டது. பனிக்காலம் முழுக்க அடியில் கிடந்துவிட்டு, வெயில் வந்ததும் பாறையில் ஏறிவிட்டது. இந்த வருஷம் குளத்தில் தலைப்பிரட்டையே காணோம். சந்தேகம் இதன்மேல்தான்.

வீச்சு வலை போட்டோம், முள்ளில் சிக்கிக் கிழிந்தது. கூடையில் கோழிக்குடல் வைத்தால் நண்டு வருகிறது. பக்கத்தில் போனாலோ, காலடி அதிர்விலேயே தண்ணீரில் குதித்துவிடும். குளத்தை இறைக்க முடியாது, நாற்றுப் பண்ணைக்கு அந்தத் தண்ணீர்தான். வேறு குளத்தில் கொண்டுபோய் விடச் சொல்பவர்களுக்கு ஒரு கும்பிடு.

வெயில் காய ஏறும் ஆமை உள்பக்கம் இறங்கினால் வலைக்குள் விழுகிற மாதிரி ஒரு மிதவைப் பொறி உண்டு. அதை பிவிசி குழாய், நைலான் வலை வைத்து வீட்டிலேயே செய்தவர்கள், சட்டம் எவ்வளவு அகலம், வலை எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியுமா?