பின் பிரேக் ஷூவும் மேனுவலின் ஒற்றை வரியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமமூர்த்தி நகரில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் காரின் பின் பிரேக் ஷூவை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த பட்டையை, மாற்ற உட்கார்ந்தேன். சர்வீஸ் மேனுவலை முந்தின இரவே பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். டிரம்மைக் கழற்றிப் பழைய ஷூவை வெளியே எடுப்பது வரை பத்துப் படிகள், ஒவ்வொன்றுக்கும் படம். திரும்ப மாட்டுவதற்கு ஒரே ஒரு வரி: கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்யவும்.

மேல் ஸ்பிரிங், கீழ் ஸ்பிரிங் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். கொக்கி ஷூவுக்கு முன்னால் விழுமா, பின்னால் விழுமா? படத்தில் உதிரிகள் எல்லாம் தனித்தனியாக அந்தரத்தில் நிற்கின்றன. எது எதன் மேல் உட்காரும் என்பது தெரியவே இல்லை. பிளையரால் ஒரு முனையை இழுத்து மாட்டினால் மறுமுனை படாரென்று கழன்று விரல் மொளியில் அடிக்கிறது. இப்படியே மூன்று மணி நேரம். காலையில் ஆபீஸ் போக வண்டி வேண்டும்.

சிவாஜிநகரில் பட்டறை வைத்திருக்கும், ஆம்பூர் பக்கத்து மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அந்தப் பக்கத்துச் சக்கரத்துலயும் ஷூவைக் கழட்டிட்டீங்களா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ கவலைய விடுங்க. அங்க டிரம்ம மட்டும் எடுத்துட்டு, அதப் பார்த்துப் பார்த்து இங்க மாட்டுங்க. இடம் வலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி சரிபண்ற அட்ஜஸ்டர் மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் வேற வேற, மாத்திப் போட்டுடாதீங்க. டிரம் வெளிய இருக்கறப்போ பெடல்ல கால் வைக்காதீங்க, சிலிண்டர் பிஸ்டன் வெளிய வந்துடும்."

இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்று என்ற வரிக்கு அவ்வளவு பெரிய மேனுவலில் இடமில்லையா? நூறு டிரம் பிரித்த கைக்குத் தலைகீழ் வரிசை போதும். முதல் முறை பிரிப்பவருக்கு அது எப்படிப் போதும்? உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

---

அண்ணா, என்னைப் படுத்தியது ஒரு எண். எஞ்சின் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டை 35 வரை முறுக்கச் சொன்னது மேனுவல். நியூட்டன் மீட்டர் என்ற அலகு அட்டவணைத் தலைப்பில் இருந்திருக்கிறது. நான் பிரின்ட் எடுத்த பக்கத்தில் தலைப்பு இல்லை. ஜே.சி. ரோட்டில் வாங்கிய டார்க் ரென்ச்சில் (வைத்த அளவுக்கு முறுக்கியதும் கிளிக் என்று சொல்லும் ஸ்பானர்) நியூட்டன் மீட்டர், அடி பவுண்டு என்று இரண்டு அளவு. நான் வைத்தது அடி பவுண்டில். அது 47 நியூட்டன் மீட்டருக்கும் மேல். கிளிக் சத்தம் வருவதற்குள் போல்ட் லேசாகிச் சும்மா சுற்ற ஆரம்பித்தது. போல்ட் உட்காரும் அலுமினிய சம்பில், அதாவது ஆயில் தொட்டியில், மறை போய்விட்டது. லேத் பட்டறையில் கொடுத்துப் புது மறை போட்டு வாங்கினேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பேனாவால் அலகை எழுதிய பிறகுதான் ஜாக்கியை எடுக்கிறேன்.

எனக்கும் அடுத்த மாதம் ஷூ மாற்ற வேண்டும். அட்ஜஸ்டரில் இடது எது, வலது எது என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? போட்டோ இருந்தால் போடுங்கள்.