கடைவாய்ப் பல்லைக் கையில் வைத்து இனங்காண்பது எப்படி?

கேள்வி (முதலாமாண்டு மாணவி):
பிடுங்கிய கடைவாய்ப் பல் ஒன்றைக் கையில் கொடுத்து, மேல்தாடைப் பல்லா கீழ்த்தாடைப் பல்லா, வலமா இடமா என்று கேட்டால் தடுமாறிப்போகிறேன். பல்லின் வெளி ஓடான எனாமல் திரும்ப வளராது, அதனடியிலுள்ள டென்டின் மட்டும் வாழ்நாள் முழுவதும் உருவாகும் என்பதற்கும் காரணம் விளங்கவில்லை.

பதில் 1:
முதலில் வேரைப் பாருங்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்குக் கன்னப்பக்கம் இரண்டும் அண்ணப்பக்கம் ஒன்றுமாக மூன்று வேர்கள். கீழ்ப் பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டே. மேல்பல்லின் மெல்லும் பரப்பில் நான்கு முகடுகள் (கூர்மேடுகள்) இருக்கும்; அண்ணப்பக்க முன்முகட்டையும் கன்னப்பக்கப் பின்முகட்டையும் இணைத்துச் சாய்வாக ஒரு வரப்பு ஓடும். அந்த அண்ணப்பக்க முன்முகடே நான்கிலும் பெரியது என்பதால், முன்பக்கம் எதுவென்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு பல்லை அது தாடையில் இருக்கும் நிலையில் பிடித்து, கன்னப்பக்கத்தை உங்களை நோக்கித் திருப்புங்கள்: முன்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் வந்தால் அது வலப்பக்கப் பல்.

பதில் 2:
இரண்டாவது ஐயத்துக்கு விடை செல்களில் இருக்கிறது. எனாமலை உருவாக்கும் அமிலோபிளாஸ்ட் செல்கள் பல்லின் வெளிப்புறத்தில் இருந்து, பல் முளைக்கும்போது அழிந்துவிடுகின்றன. எஞ்சுவது எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளாலான, செல்லே இல்லாத ஓடு. டென்டினை உருவாக்கும் ஓடான்டோபிளாஸ்ட் செல்களோ பற்கூழின் (பல்லின் நடுவிலுள்ள மென்திசு) விளிம்பில் உயிரோடு இருந்து உள்நோக்கிப் படிவு சேர்த்துக்கொண்டே இருப்பதால், வயதாக ஆகப் பற்கூழறை குறுகுகிறது. முதியவர்களின் எக்ஸ்ரே படத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். ஆனால், "எனாமல் தேறவே தேறாது" என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். குழி விழாத தொடக்கநிலைச் சொத்தையான வெண்புள்ளி, உமிழ்நீரிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் ஏற்று மீண்டும் இறுகக்கூடும். குழி விழுந்தபின் அது தானாக நிரம்பாது.

பதில் 3:
முதல் பதிலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஞானப்பல்லை வைத்துப் பழகாதீர்கள். அதன் வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் வளைந்தும் இருப்பது சாதாரணம் என்பதால், வேர்க் கணக்கு அங்கே பொய்க்கும். பிடுங்கும்போது வேர் முறிந்த பற்களும் உண்டு. அவற்றுக்கு மெல்லும் பரப்பே சான்று. கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் ஐந்து முகடுகள் இருக்கும், அவற்றில் மூன்று கன்னப்பக்கத்தில். வேரைப் படிக்கையில் அதைச் சுற்றியுள்ள திசுவையும் விட்டுவிடாதீர்கள்: வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள பல்சூழ் இழைநார்தான் கடிக்கும் விசையைத் தாங்குகிறது; வாயில் அகப்பட்ட மணல்துகளைப் பல் உடனே உணர்வதும் அதிலுள்ள நரம்பு முனைகளால்தான்.