செக்குக்குப் பயந்த நிரல்: ஆறுக்கு ஆறு சதுரங்கத்தில் என் அனுபவம்

எட்டுக்கு எட்டு பலகையில் ஆடும் நிரல்கள் ஏராளம். நான் எழுத ஆசைப்பட்டது ஆறுக்கு ஆறு பலகைக்கு. 1956-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், மேனியாக் என்ற கணினிக்காக பால் ஸ்டைனும் மார்க் வெல்ஸும் நிரல் எழுதிய ஆட்டம் அது. முழுப் பலகையை அந்தக் கணினி தாங்காது என்பதால் பிஷப்புகளை எடுத்துவிட்டார்கள். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டக் கூடாது. கோட்டை கட்டுவது கிடையாது. போகிற போக்கில் வெட்டுவதும் கிடையாது. யானை, குதிரை, ராணி, ராஜா, குதிரை, யானை, முன்னால் ஆறு சிப்பாய்கள், அவ்வளவுதான். இவ்வளவு சுருக்கியும், இரு பக்கமும் இரண்டிரண்டு நகர்வுகள் யோசிக்க மேனியாக்குக்குச் சுமார் 12 நிமிடம் பிடித்தது.

மேனியாக் மூன்று ஆட்டங்கள் ஆடியது. முதலில் தனக்குத்தானே. அடுத்து, ராணியை விட்டுக்கொடுத்து ஆடிய தேர்ந்த ஆட்டக்காரரிடம் தோற்றது. மூன்றாவதாக, ஒரு வாரத்துக்கு முன்புதான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஓர் இளம்பெண்ணை 23 நகர்வுகளில் வென்றது. சதுரங்கம் போன்றதொரு ஆட்டத்தில் மனிதரைக் கணினி வென்ற முதல் நிகழ்வு அதுதான். அந்த மூன்றாவது ஆட்டம் பல நாள் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. என் வீட்டில் அதை மறுபடி நடத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் இரவே ஒரு பாடம். தொடக்க நிலையில் வெள்ளைக்கு எத்தனை நகர்வுகள் என்று நிரலைக் கேட்டேன். சிப்பாய்கள் ஆறு, குதிரைகளுக்கு இரண்டிரண்டு, ஆகப் பத்து வர வேண்டும். வந்ததோ 11. பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால், இ1-இல் நிற்கும் குதிரை ஏ3-க்குத் தாவியிருக்கிறது! (நெடுவரிசைகளுக்கு இடமிருந்து ஏ முதல் எஃப் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்குக் கீழிருந்து எண்.) 36 கட்டங்களையும் ஒரே நீள வரிசையாக அடுக்கி, ‘மேலே ஒன்று, வலப்பக்கம் இரண்டு’ என்ற தாவலுக்கு எட்டைக் கூட்டியிருந்தேன். வலது விளிம்பைத் தாண்டிய குதிரை அடுத்த வரிசையின் இடது ஓரத்தில் போய் முளைத்துவிட்டது. பலகையைச் சுற்றி இரண்டு அடுக்கு வேலிக் கட்டங்கள் போட்டு, பத்துக்குப் பத்தாக மாற்றிய பிறகுதான் கணக்கு சரியானது. முதல் நகர்வுக்கு 10, இரு பக்கமும் ஒவ்வொன்று ஆடினால் 100. அந்த 100-ஐத் தாளில் கையால் எண்ணிச் சரிபார்த்தேன். நிரல் எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கைச் சோதனையை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மதிப்பீட்டை அவர்கள் வழியிலேயே வைத்தேன்: காய்களின் மதிப்பு, அதோடு நகர்வதற்கு எத்தனை வழிகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. சிப்பாய்க்கு 10, குதிரைக்கு 30, ஒவ்வொரு நகர்வுக்கும் 2. ஆழமும் அதே நான்கு அடிதான்; ஒரு பக்கத்தின் ஒரு நகர்வு ஓர் அடி. அதைக் கண் இமைப்பதற்குள் என் மடிக்கணினி முடித்துவிடுகிறது.

அக்கா மகளுக்கு ஒரு வாரம் விதிகளைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்தேன். முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றாள். மூன்றாவதில் சி நெடுவரிசை திறந்து கிடந்தது. அவளுடைய ராணி அதன் வழியே ஏறிவரப் பார்த்தது. பி6-இல் இருந்த என் நிரலின் குதிரை சி4-க்குத் தாவியது. அங்கே அவளுடைய பி3 சிப்பாய் காத்திருந்தது. வெட்டினாள். அப்படியே மூன்று காய்களை வாங்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“மாமா, செக் வரப்போகிறது என்றாலே இது எதையாவது தூக்கிக் கொடுத்துவிடுகிறது.”

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது முழு உண்மை. செக் விழுந்தால் 20 நகர்வுகள் இரண்டாகச் சுருங்கிவிடும்; இழப்பு 36. குதிரையின் விலை 30தான். செக்கை வாங்குவதைவிடக் குதிரையைக் கொடுப்பது லாபம் என்று நிரல் நேர்மையாகவே கணக்கிட்டிருக்கிறது. மேனியாக்கும் இதே அச்சத்தோடுதான் ஆடியது என்று அதை உருவாக்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள். அத்தனை ஆண்டுகளுக்கு முன் அவர்கள் கண்ட அதே தவறை என் திரையில் கண்டபோது, அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது. இதற்கு நீங்கள் யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?

* * *

அண்ணா, நான் எழுதியது எட்டுக்கு எட்டு பலகையில், காய்களை இழந்தவர் வெல்லும் சதுரங்கத்துக்கு. வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும். ராஜாவும் அதில் சாதாரணக் காய்தான். பழைய நிரலின் மதிப்பெண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும் என்று நம்பினேன். அது வெள்ளையில் டி3 என்று தொடங்கியது. எதிராளி ஜி5 வைத்தார். பிஷப் போய் அதை வெட்டியே தீர வேண்டும். பிறகு வெட்டு மேல் வெட்டு, நிறுத்தவே முடியவில்லை. காய் குறைவாக இருப்பது மட்டும் நன்மை அல்ல, அடுத்து எதை ஆடுவது என்ற தேர்வு நம் கையில் இருப்பதுதான் நன்மை என்று அன்றைக்குப் புரிந்தது. வெள்ளை இ3 ஆடினால் வெற்றி உறுதி என்று 2016-இல் கணிதவியலாளர் மார்க் வாட்கின்ஸ் நிறுவியே காட்டிவிட்டார். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெட்டு பாக்கியிருக்கும் நிலைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அமைதியாகும் வரை மேலே தேட விடுகிறேன். செக்குக்கும் அதையே செய்து பாருங்கள்.

* * *

தம்பி, செய்துவிட்டேன். கடைசி அடியில் ராஜா செக்கில் இருந்தால் மதிப்பிடாமல், செக்கை விலக்கும்வரை மேலே தேடுகிறது. ஏழெட்டு வரிகள்தான் கூடின; சரியாக்க இரண்டு மாலைகள் ஆயின.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அதே சி வரிசையைத் திறந்து ராணியை ஏற்றினாள். செக் சொல்லிவிட்டு, எந்தக் காய் வரும் என்று திரைக்கு நெருக்கமாகக் குனிந்தாள். ராஜா ஒரு கட்டம் தள்ளி நின்றது. குதிரை பி6-இலேயே இருந்தது.