9 அடிக் கூரையுள்ள சிறிய ஸ்டூடியோவுக்கு எந்த அளவு ஆக்டா பொருந்தும்: 120, 150, 180 செ.மீ.?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிறிய போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ ஒன்றை நான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அன்றாடப் பிழைப்பு பாஸ்போர்ட் படங்களில் ஓடினாலும், மணிவிழா, சதாபிஷேகம் முடித்த தம்பதியரை அமரவைத்து எடுக்கும் படங்களுக்கே இப்போது கேட்பு அதிகம். அறை 10 அடி அகலமும் 16 அடி நீளமும் கொண்டது. கூரையின் உயரம் 9 அடி. 400 வாட்-செகண்ட் ஸ்டூடியோ ஃபிளாஷ் ஒன்றில் 95 செ.மீ. ஆக்டாவை (ஒளியை மென்மையாக்கும் எண்கோணத் துணிக்கூடு) மாட்டி, அதையே முதன்மை விளக்காகப் பயன்படுத்துகிறேன்.

மூக்கின் கீழும் தாடையின் கீழும் விழும் நிழலின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் தெரிகிறது. நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வெள்ளைத் திட்டு விழுகிறது. கறுத்த தோலில் அது எண்ணெய் வழிவதுபோல் காட்டிவிடுகிறது. நிழல் விழும் கன்னத்தில் ஏதோ ஒரு பச்சை வாடையும் இருக்கிறது. வெண்சமநிலையை (கேமராவின் ஒயிட் பேலன்ஸ்) எப்படி மாற்றினாலும் அது போவதில்லை. பெரிய ஆக்டா வாங்கினால் எல்லாம் தீரும் என்று கடைக்காரர் சொல்லி, 180 செ.மீ. ஒன்றைக் காட்டினார். பணம் கட்டுவதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. வாங்குவதற்கு முன் மூன்று விவரங்கள் தேவை. ஆக்டாவின் முன் துணியிலிருந்து முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? உள்ளே கட்டும் இரண்டாவது துணி இருக்கிறதா? சுவரின் நிறம் என்ன?

கேட்டவர்

நன்றி ஐயா. தூரம் ஏறத்தாழ 2.5 மீட்டர். இன்னும் நெருக்கினால் 50 மி.மீ. லென்ஸின் சட்டகத்துக்குள் ஆக்டா வந்துவிடுகிறது. உள் துணி வெளிச்சத்தைத் தின்கிறது என்று கழற்றி வைத்துவிட்டேன். சுவர் இளம்பச்சை.

மறுமொழி 1

மூன்று விடைகளிலும் நோய் தெரிந்துவிட்டது. ஒளியின் மென்மையை ஆக்டாவின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. முகம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த ஒளிப்பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே தீர்மானிக்கிறது. விட்டத்தைத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள்; எண் கூடினால் ஒளி மென்மையாகும். இப்போது உங்களுக்கு 95-ஐ 250-ஆல் வகுக்க 0.38 கிடைக்கிறது. கடைக்காரர் காட்டிய 180-ஐ அதே 2.5 மீட்டரில் நிறுத்தினால் 0.72. ஆனால் கையில் இருக்கும் 95-ஐ 1.2 மீட்டருக்கு நெருக்கினாலே 0.79 வந்துவிடுகிறது. அதாவது, செலவே இல்லாமல் அந்த 180-ஐவிடச் சற்று மென்மையான ஒளி உங்களுக்குக் கிடைக்கும்.

சட்டகத்துக்குள் ஆக்டா வருகிறது என்பதற்கு விடை லென்ஸில் இருக்கிறது. முழுச்சட்டகக் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை வைத்து 3 மீட்டர் பின்வாங்கினால், நீளவாக்கில் ஏறத்தாழ 1.27 மீட்டர் அகலம் பதிவாகும். இருவரை இடுப்பளவில் எடுக்க அது போதும். 16 அடி நீளம் அதற்கு இடம் கொடுக்கும்.

உள் துணியை உடனே திரும்பக் கட்டுங்கள். அது இல்லாதபோது ஃபிளாஷ் குழலுக்கு நேரெதிரே இருக்கும் நடுப்பகுதி மட்டும் பளீரென்று எரிந்து, ஓரங்கள் மங்கிப்போகும். பெயருக்கு 95 செ.மீ. என்றாலும் வேலை செய்வது ஐம்பது அறுபது செ.மீ. மட்டுமே. நெற்றித் திட்டுக்கு அதுவே முதல் காரணம். துணி அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், கூடினால் இரட்டிக்கும்), ஆனால் 2.5 மீட்டரிலிருந்து 1.2 மீட்டருக்கு வரும்போது ஏறத்தாழ இரண்டு ஸ்டாப் கூடுவதால், கணக்கில் உங்களுக்கு இழப்பில்லை. ஐயமிருந்தால் ஃபிளாஷை மிகக் குறைந்த திறனில் வைத்து, லென்ஸின் துவாரத்தை எஃப் 16 அல்லது அதைவிடச் சிறிதாகச் சுருக்கி, ஆக்டாவின் முகப்பையே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நடுவில் பளீரென்று எரியும் பொட்டு அப்படியே தெரியும்.

மறுமொழி 2

தம்பி, மேலே ஐயா சொன்னது ஒருவரைத் தனியாக எடுக்கும்போது முற்றிலும் சரி. ஆனால் உங்கள் வேலை தம்பதியர் படம் என்பதால், இந்த இடத்தில் ஒரு சிக்கல் குறுக்கிடுகிறது. 95 ஆக்டா 1.2 மீட்டரில் நிற்கும்போது, விளக்கின் பக்கம் அம்மாவும் அதற்கு 40 செ.மீ. அப்பால் ஐயாவும் அமர்ந்தால், தூரம் 1.2-க்கு 1.6 ஆகிறது. அம்மாவின் முகத்தில் விழும் ஒளி ஐயாவின் முகத்தில் விழுவதைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்கு. இருவரில் ஒருவர் மாநிறம், மற்றவர் கறுப்பு என்றால் படம் கையைவிட்டுப் போய்விடும்.

பெரிய ஆக்டாவின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. 150 செ.மீ. ஆக்டாவை 1.8 மீட்டரில் நிறுத்தினால் அதே மென்மை கிடைக்கிறது (0.83), ஆனால் தூரம் 1.8-க்கு 2.2 என்றாவதால் வேறுபாடு 1.5 மடங்காகச் சுருங்குகிறது. மிச்சத்தையும் குறைக்க, ஆக்டாவின் மையத்தை அருகில் இருப்பவர்மீது வைக்காமல் அப்பால் இருப்பவரை நோக்கித் திருப்பிவிடுங்கள். அருகில் இருப்பவர்மீது ஓர ஒளி மட்டும் படும். பட்டுப்புடவையின் ஜரிகை வெளுத்துப்போவதும் இதனால் குறையும்.

எனவே என் வாக்கு 150-க்கு. 180-ஐ உங்கள் கூரை ஏற்றுக்கொள்ளாது. 9 அடி என்றால் 274 செ.மீ. அமர்ந்திருப்பவருக்கு ஆக்டாவின் மையத்தை 190 செ.மீ. உயரத்தில் வைத்து 30 பாகை கீழே சாய்த்தால், 180-இன் மேல் விளிம்பு 268-ஐத் தொடுகிறது; மின்விசிறி இருந்தால் முடிந்தது கதை. யாரேனும் எழுந்து நின்றால் விளக்கை உயர்த்த இடமே இல்லை. 150 என்றால் மேல் விளிம்பு 255-இல் நின்றுவிடும்.

அகலத்திலும் கவனம் வேண்டும். நாற்காலிகளை அறையின் நடுவில் போட்டு, 150-ஐ 45 பாகையில் 1.8 மீட்டர் தள்ளி நிறுத்தினால் அதன் வெளிவிளிம்பு சுவரில் இடிக்கும். நாற்காலிகளை எதிர்ச்சுவர்ப் பக்கம் ஒன்றரை அடி நகர்த்தினால் சரியாகிவிடும். வாங்குவதற்கு முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள்; நான் அப்படிச் செய்யாமல் ஒரு பெரிய ஆக்டாவை வாங்கி, மூன்று மாதம் பரணில் வைத்திருந்தேன்.

மறுமொழி 3

வாங்கித்தான் ஆகவேண்டுமா என்றும் யோசிக்கலாம். ஒன்றரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தச்சரிடம் செய்து, வெள்ளைப் பருத்தி வேட்டியை இழுத்துக் கட்டி, இப்போதுள்ள ஆக்டாவின் முன்னால் முக்கால் மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் அந்தத் துணி முழுவதும் ஒளிமூலமாகிவிடும். ஒரு தவணை இப்படி எடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஒரே எச்சரிக்கை: சொட்டுநீலமோ வெண்மையூட்டும் சோப்புத்தூளோ பட்ட வேட்டி ஒளியை நீலமாக்கும், துவைக்காத கோடித் துணி மஞ்சளாக்கும். எதுவானாலும் சாம்பல் அட்டையை வைத்து வெண்சமநிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டா துணிகளிலும் இந்த வேறுபாடு உண்டு.

பச்சை வாடை ஆக்டாவின் குற்றமன்று. பக்கச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நிழல் கன்னத்தில் விழுகிறது. வெண்சமநிலை முகம் முழுவதற்கும் பொது என்பதால், ஒரு பக்கத்துப் பச்சையை அதனால் நீக்க முடியாது. சுவருக்கு மங்கலான சாம்பல் வண்ணம் பூசுங்கள். அதுவரை அந்தப் பக்கம் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். கிரிட் (ஆக்டாவின் முகப்பில் மாட்டும் கட்டம் கட்டமான துணி வலை) மாட்டச் சிலர் சொல்வார்கள். அது சிதறலைத் தடுப்பது உண்மைதான். ஆனால் பெரிய ஆக்டாவை நெருங்க வைக்கும்போது ஓரக் கட்டங்களின் ஒளி முகத்தை எட்டாமல் கிரிட் மறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தை நாமே குறைத்துக்கொள்வதாக ஆகிவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று உள் துணியைக் கட்டி, 85 மி.மீ. லென்ஸுக்கு மாறி, ஆக்டாவை 1.2 மீட்டருக்குக் கொண்டுவந்தேன். தனி ஆளாக என் தம்பியை எடுத்த படத்தில் மூக்கு நிழல் கரைந்தேபோனது. ஆனால் பெற்றோரை ஒன்றாக அமர்த்தியதும் மறுமொழி 2-இல் சொன்ன அதே வேறுபாடு தெரிந்தது. அப்பாவின் முகம் ஒரு சுற்று மங்கல். அதனால் 150-ஐ வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். மாட்டும் முறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1

உங்கள் ஃபிளாஷின் முன்வளையத்தில் மூன்று நகங்கள் பொருந்தும் அமைப்பு இருந்தால் அது போவென்ஸ் எஸ் மவுன்ட். அந்த பிரிட்டிஷ் நிறுவனம் 2017-இல் மூடப்பட்டுவிட்டாலும், கோடாக்ஸ் உள்ளிட்ட பலர் அதே மவுன்ட்டைத் தொடர்வதால் ஆக்டா கிடைப்பதில் கவலையில்லை. எலிங்க்ரோம், புரோஃபோட்டோ இரண்டுக்கும் மவுன்ட் வேறு. பின்னாளில் ஃபிளாஷை மாற்றினாலும் ஆக்டா வீணாகாமலிருக்க, நடு வளையத்தை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ஸ்பீட்ரிங் (ஆக்டாவை ஃபிளாஷோடு இணைக்கும் வளையம்) உள்ளதாக வாங்குங்கள்.

குடைபோல் ஒரே இழுப்பில் விரியும் வகையே நல்லது. கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துச் செருகும் 150-ஐ ஒருமுறை பூட்டினால், மறுமுறை பிரிக்க மனம் வராது. முன் துணி விளிம்பிலிருந்து சற்று உள்வாங்கியிருக்கட்டும். அந்த விளிம்பே சுவரில் ஒளி சிந்துவதை ஓரளவு மறைக்கும். முன்பாரம் அதிகம் என்பதால் ஃபிளாஷின் சாய்வுத் திருகு வழுக்கி ஆக்டா தலைகுனியும். எடையை ஃபிளாஷ் தாங்காமல் ஸ்பீட்ரிங்கே தாங்கும்படி தாங்கியோடு வரும் வகை இருந்தால் அதை எடுங்கள். ஸ்டாண்டின் ஒரு காலை ஆக்டாவின் நேர்கீழே நீட்டி, எதிர்ப்பக்கக் காலில் மணல் மூட்டையைப் போடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் ஆக்டா முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. 150 வந்தால் இது கூடுமல்லவா?

மறுமொழி 2

கூடத்தான் செய்யும், தம்பி. பரப்பு பெரிதாகும் அளவுக்கு, கண்ணாடியில் தெறித்துக் கேமராவுக்கு வரும் கோணங்களும் கூடும். முதலில் விளக்கை அரைச் சாண் உயர்த்துங்கள். உங்கள் கூரையில் அதற்குமேல் முடியாது என்பதால், கண்ணாடியின் காதுக்கம்பிகளைக் காதுமடலிலிருந்து அரை விரல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வில்லை சற்றுக் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு கேமராவுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போதும் விடாவிட்டால், முகத்தை அசைக்காமல் வைத்து, கண்ணாடியைக் கழற்றி ஒரு படம், போட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு பின்னர் இணைத்துவிடுங்கள். பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.