பாளையில் மாடி வீடு: பேசுற கிளி வளர்க்க எதை வாங்கலாம், எப்படிப் பாத்துக்கிடணும்?

பாளை மாடிவீடு:
வணக்கம். முதல் மாடி, வடக்குப் பாத்த வராண்டா. 9 வயசு மகளுக்குப் பேசுற கிளி வேணுமாம். பக்கத்து ஊர்ல பச்சைக்கிளிக் குஞ்சு தாரோம்னு சொல்லுதாங்க. வாங்கலாமா? இல்லன்னா வேற எது? கூண்டு, தீனி, மே மாச வெயில் மூணுக்கும் விவரம் வேணும். அப்பாவுக்கு இளைப்பு உண்டு, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

பனங்காட்டான்:
பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. அது பண்ணையில பொரிச்ச குஞ்சு இல்ல. தை, மாசியில மொட்டைப்பனைப் பொந்துக்குள்ள கையை விட்டு எடுக்கது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல, 2022 திருத்தத்துக்கு அப்புறம் அது 2-ஆம் அட்டவணையில இருக்கு. பிடிக்கது, விக்கது, வாங்குறது, வளக்கது எல்லாமே குத்தம். 3 வருசம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். ஏற்கெனவே வீட்ல வச்சிருக்கவங்க திறந்து பறக்க விடவும் கூடாது. கையில தின்னு பழகினது வெளிய போனா காக்காக்கும் பூனைக்கும்தான் இரை. வனத்துறைட்ட ஒப்படைக்கணும்.

வெளிநாட்டு இனத்துலயும் வித்தியாசம் உண்டு. சன் கான்யூர், மக்காவ், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி எல்லாம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு செய்யணும். பட்ஜி (சின்ன ஆஸ்திரேலியக் கிளி), காக்டெய்ல் (கொண்டை வச்ச காக்கட்டீல் கிளி), பீச் நிற முகமுள்ள ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், இந்த மூணும் சைட்டிஸ்ங்கிற உலக வன உயிர் வணிக ஒப்பந்தப் பட்டியல்ல இல்ல, பதிவு வேண்டாம். நம்ம ஊர்க் கடையில "லவ் பேர்ட்ஸ்"னு விக்கது பெரும்பாலும் பட்ஜிதான்.

உங்க வீட்டுக்கு பட்ஜி. காக்டெய்ல் அருமையா விசிலடிக்கும், ஆனா றெக்கையில இருந்து மாவு மாதிரி தூள் கொட்டும், இளைப்புக்காரங்களுக்கு ஆகாது. பட்ஜியிலயும் தூசி உண்டு, குறைவு. அப்பாவோட டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. படுக்கையறையில மட்டும் கூண்டை வைக்காதீங்க.

பேசணும்னா ஆண், 6 முதல் 8 வாரக் குஞ்சு. நெத்தி வரி மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தா இளசு. மூக்குக்கு மேல உள்ள சதை இளம் ஆணுக்கு ஒரே சீரான ஊதா கலந்த ரோஸ், வளந்தா நீலம். பெண்ணுக்கு மூக்கு ஓட்டையைச் சுத்தி வெள்ளை வளையம், அப்புறம் பழுப்பு. முழு வெள்ளை, முழு மஞ்சள் பட்ஜியில மட்டும் ஆணுக்கும் ரோஸாவே நிக்கும், அதுல ஏமாறாதீங்க. கையில பிடிச்சு நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க. கத்தி மாதிரி துருத்தினா பட்டினி கிடந்த பறவை. பின்பக்கம் எச்சம் ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

தாமிரபரணிக்கரை:
கூண்டுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம், பட்ஜி குறுக்கதான் பறக்கும். ரெண்டுக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் குறைஞ்சபட்சம். கம்பி இடைவெளி அரை இஞ்சுக்கு மேல போகக்கூடாது, தலை மாட்டிக்கிடும். வட்டக் கூண்டு வாங்காதீங்க. புது ஜி.ஐ. வலைன்னா வினிகர் தொட்டு நல்லா தேய்ச்சு, கழுவி, வெயில்ல காய வைங்க. மேல பூசியிருக்க துத்தநாகத்தைக் கொறிச்சுத்தான் நிறைய பறவை விஷமேறிச் சாகுது.

உக்கார பிளாஸ்டிக் கம்பு ஒரே கனம், பாதம் புண்ணாகும். பேனா கனத்துல இருந்து பெருவிரல் கனம் வரை கொய்யா, முருங்கை, வேம்புக் கம்பு போடுங்க. அரளி கூடவே கூடாது, விஷம்.

தீனி: தோலோட தினை 4 பங்கு, சாமை 2, கம்பு 1. ஒரு பட்ஜிக்கு நாளைக்கு 2 டீஸ்பூன். ஈரத்துணியில ஒரு பிடி முடிஞ்சு வைங்க; முளைக்கலன்னா பழைய சரக்கு. எல்லாரும் விடுற தப்பு ஒண்ணு: உமியை உரிச்சு அதே கிண்ணத்துல போடும், பாத்தா கிண்ணம் நிறைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஒரு மணி இருக்காது. தினம் காலையில ஊதிவிட்டுப் பாருங்க. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவின கேரட், வேலியில கிடைச்சா கோவைப்பழம். வெயில் காலத்துல 2 மணி நேரத்துல மிச்சத்தை எடுத்துரணும். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், மிக்சர் தொடவே கூடாது.

மண்கலயம் அழகுக்குன்னு கட்டாதீங்க. கலயத்தைப் பாத்தா பெண் முட்டை வைக்கும். சுண்ணாம்புச் சத்து பத்தாட்டி முட்டை உள்ளயே சிக்கி உயிர் போயிரும்.

சாரல்:
தீனியைவிடப் புகைதான் சட்டுனு கொல்லும். நான்ஸ்டிக் சட்டி காலியா சூடேறினா வர்ற வாயு நிமிசத்துல பறவை நுரையீரலைப் பாழாக்கிரும். அடுக்களைக்குப் பக்கத்துல கூண்டு வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்தி, பெயின்ட் வாடை எல்லாம் அப்படித்தான். வெளிய விடும்போது மின்விசிறி நிக்கணும், கண்ணாடிக்குத் திரை போடணும்.

மே மாசம் சூரியன் நம்ம ஊருக்கு வடக்க சாஞ்சு போகும், அதனால வடக்கு வராண்டாவுலயும் வெயில் விழும்; நிழல் பாத்து கூண்டை வைங்க. அலகைத் திறந்து, றெக்கையை உடம்பை விட்டு விரிச்சுகிட்டு நின்னா சூடு தாங்கலன்னு அர்த்தம். நிழலுக்கு மாத்தி, சாதாரணத் தண்ணியை காலுலயும் றெக்கைக்கு அடியிலயும் தெளிங்க. ஐஸ் தண்ணி கூடாது. ஆனி ஆடியில தென்மேற்குக் காத்து அடிக்கும்போது மூணு பக்கம் துணி கட்டுங்க.

நோய் வந்தா பறவை மறைக்கும், வெளிய தெரியும்போது பாதி தாண்டியிருக்கும். அதனால வாரம் ஒருக்க அடுக்களைத் தராசுல எடை போட்டு எழுதி வைங்க. 35 கிராம் பட்ஜி 3, 4 கிராம் குறைஞ்சாலே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. மனுச மாத்திரையைக் கரைச்சு ஊத்தாதீங்க. கூண்டுத்தாளை நனைச்சுட்டு எடுங்க. காஞ்ச எச்சத்தூசி வழியா கிளிக்காய்ச்சல் மனுசருக்கும் ஒட்டும், அப்பா இருக்க வீட்ல இதை மறக்காதீங்க. ரெண்டாவது பறவை வந்தா 30 நாள் தனி அறை.

பாளை மாடிவீடு:
ரொம்ப நன்றி. பச்சைக்கிளி வேண்டாம்னு சொல்லிட்டேன். சுண்ணாம்புச் சத்துக்கு உவரிக் கடற்கரையில ஒதுங்குற கணவாய் ஓடு போடலாமா?

தாமிரபரணிக்கரை:
தாராளமா. நாட்டு மருந்துக் கடையில கடல்நுரைன்னு தர்றதும் அதுதான். மேல ஒட்டின அழுக்கைச் சுரண்டிட்டு 3 நாள் நல்ல தண்ணியில ஊற வைங்க, தினம் தண்ணி மாத்துங்க, உப்பு போகணும். அப்புறம் வாடை இல்லாம ஆகுற வரை வெயில்ல காய விட்டு, மெத்துன்னு இருக்க பக்கம் உள்ள பாத்த மாதிரி கம்பியில கட்டுங்க.