வாய்ச்சவடால் தீயணைப்பு வீரர்: இந்தப் பழைய படத்தின் பெயர் என்ன?

என்னிடம் ஒரு 16 மி.மீ. ஃபிலிம் சுருள் இருக்கிறது. 400 அடி, நொடிக்கு 16 பிரேம் வேகத்தில் சுமார் 17 நிமிடம் ஓடும். இரு ஓரமும் துளை, ஒலித்தடம் கிடையாது. தலைப்பு அட்டை அறுந்துபோயிருக்கிறது.

ஊரையே நெருப்பிலிருந்து காப்பாற்றியதாகப் பீற்றிக்கொள்ளும் வீரர், மணி அடித்ததும் ஒற்றை பூட்ஸோடு ஏணியடியில் நடுங்கி நிற்பார். மூன்று வீடு எரிகிறது. மூன்றுக்கும் அதே சுவர், அதே விரிசல் விட்ட ஜன்னல். சிக்கனப் படம்தான், ஆனால் அந்த நடிகரின் முகம் அருமை.

மூன்று மாதமாகத் தேடுகிறேன். விளிம்பில் ஃபிலிம் தயாரான ஆண்டைக் காட்டும் கோடாக் (Kodak) நிறுவனக் குறி இருக்கிறது, ஆனால் அதே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவது. பிரேமைப் படமெடுத்து இணையத்தில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது ஃபிலிம் கெட்டுப்போவதன் அடையாளமான வினிகர் வாடை வேறு வர ஆரம்பித்துவிட்டது.

இந்தக் காட்சிகளை வைத்துப் படத்தின் பெயரை யாராவது சொல்ல முடியுமா?