பிரெண்டா மில்னருக்கு உரிய சிறப்பு தாமதமாகத்தான் கிடைத்ததா?

முதுகலை மாணவி கேட்டது:
வணக்கம். எங்கள் உளவியல் பாடநூலில், மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகளைப் பதிக்க முடியாமல் போன எச்.எம். என்ற நோயாளிக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவரைப் பல ஆண்டுகள் சோதித்து அறிந்த பிரெண்டா மில்னருக்கு ஒரே வரிதான். எச்.எம். பற்றி 1957-இல் வெளிவந்த கட்டுரையிலும் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவிலின் பெயரே முதலில் நிற்கிறது. அறிவியலுக்கான காவ்லி பரிசும் தொண்ணூறு வயதைக் கடந்த பிறகே அவருக்குக் கிடைத்தது. மருத்துவர்கள் நடுவே அவர் உளவியலாளராக இருந்ததுதான் இதற்குக் காரணமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஓரளவு உண்மைதான், அம்மா. ஆனால் கதையை எச்.எம்.மிலிருந்து தொடங்குவதே பிழை. 1918-இல் மான்செஸ்டரில் பிறந்த மில்னர், கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கச் சென்று உளவியலுக்கு மாறினார். 1944-இல் கணவருடன் கனடாவுக்கு வந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் டொனால்ட் ஹெப்பிடம் ஆய்வு மாணவியானார். ஹெப் அவரை 1950-இல் மாண்ட்ரியல் நரம்பியல் கழகத்துக்கு, மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டின் வலிப்பு நோயாளிகளைச் சோதிக்க அனுப்பினார். அங்கே மூளையின் இடது பொட்டுமடலில் (காதருகே உள்ள பகுதியில்) மட்டும் அறுவை செய்யப்பட்ட இருவர், புதிதாக எதையும் மனத்தில் நிறுத்த முடியாமல் போனார்கள். ஒருபக்க அறுவை இவ்வளவு பெரிய இழப்பைத் தரக் கூடாதே! மறுபக்கத்து ஹிப்போகேம்பஸ் (நினைவுகளைப் பதிக்க உதவும் மூளைப்பகுதி) முன்பே பழுதுபட்டிருக்க வேண்டும் என்று மில்னரும் பென்ஃபீல்டும் கருதினர். அவர்களுள் ஒருவரின் பிணக்கூறாய்வு பிற்பாடு அதை உறுதி செய்தது. 1955-இல் அவர்கள் வெளியிட்ட இந்தச் செய்தியைக் கண்டுதான் ஸ்கோவில், 1953-இல் தாம் இருபக்கமும் அறுவை செய்த ஒருவரும் (அவர்தான் எச்.எம்.) இப்படியே இருப்பதாகப் பென்ஃபீல்டுக்குத் தெரிவித்தார். மில்னர் இரவு ரயிலேறி, அமெரிக்காவில் உள்ள ஹார்ட்ஃபோர்டுக்குப் போனது அதன் பிறகே. ஆகவே, எச்.எம்.மைப் பார்ப்பதற்கு முன்பே எதைத் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நரம்பு உளவியல் ஆய்வாளர்:
ஐயா சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். ஆனால் சிறப்புகள் எல்லாமே தாமதமாக வந்தன என்று சொல்ல முடியாது. 1979-இலேயே லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. கனடா அரசு 1984-இல் ஆர்டர் ஆஃப் கனடா விருதளித்து, 2004-இல் அதன் மிக உயர்ந்த நிலைக்கு அவரை உயர்த்தியது. 2005-இல் கெய்ர்ட்னர், 2009-இல் பால்சன் என்று பரிசுகள் தொடர்ந்த பிறகே, 2014-இல் ஜான் ஓகீஃப், மார்கஸ் ரெய்க்கில் ஆகியோருடன் காவ்லி பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில், எலியின் ஹிப்போகேம்பஸில் இடத்தை உணரும் செல்களைக் கண்டறிந்ததற்காக ஓகீஃபுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மில்னருக்கு அது கிடைக்காதது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனையில், எச்.எம். நாளுக்கு நாள் தேர்ச்சி பெற்றார். ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் தாம் அதைச் செய்ததே இல்லை என்றுதான் நினைத்தார். கைக்குப் பழகும் நினைவும் நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கும் நினைவும் வெவ்வேறு என்பதைக் காகிதமும் பென்சிலும் கொண்டு காட்டிய அந்தச் சோதனைக்கு, நோபலுக்கு உரிய தகுதி நிச்சயமாக உண்டு.

முதுகலை மாணவி:
இருவருக்கும் நன்றி. எச்.எம். தவிர, அவர் பெயர் நிலைக்கும் வேறு பணிகள் உண்டா?

நரம்பு உளவியல் ஆய்வாளர்:
உண்டு. சீட்டுகளை வகைப்படுத்தும் சோதனையைக் கொண்டு, மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டவர்கள் விதி மாறிய பின்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருப்பதை 1963-இல் காட்டினார். அறுவைக்கு முன் மூளையின் ஒரு பாதியை மருந்தால் சிறிது நேரம் உறங்கவைத்து, பேச்சு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறியும் முறை ஏற்கெனவே இருந்தது. அதில் நினைவாற்றலுக்கான சோதனையையும் சேர்த்து, எச்.எம்.முக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராதபடி தடுக்க வழி செய்தவர்கள் அவரும் அவருடைய மாண்ட்ரியல் சகாக்களுமே.